டைல் வெட்டினால் வேகம் வரும், இடம் சரியாகாது

"கையால் வரைந்த வளாக வரைபடம் ஒன்றை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன். 14,000-க்கு 9,000 பிக்சல். லீஃப்லெட்டில் (வலைப்பக்கத்தில் மேப் காட்டும் நிரல் நூலகம்) மூலைகளின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்து மேப்பின் மேல் போர்த்தினேன். ஓரங்கள் சரியாக உட்காருகின்றன. நடுவில் இருக்கும் கட்டடங்கள் 10, 15 மீட்டர் தள்ளி நிற்கின்றன. போனில் திறந்தால் பிரவுசரே மூடிக்கொள்கிறது. டைல்களாக, அதாவது சிறு சதுரத் துண்டுகளாக, வெட்டிப் போட்டால் சரியாகுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பார்ப்பதற்கு ஒரே கேள்வி, உள்ளே இரண்டு இருக்கிறது. போன் திணறுவது படத்தின் எடையைப் பற்றியது. கட்டடம் தள்ளி நிற்பது படத்தின் இடத்தைப் பற்றியது. டைல் முதல் வியாதிக்கு மருந்து. இரண்டாவதை அது தொடக்கூடத் தொடாது. இப்போது ஒரே படமாக இருக்கும் தப்பை 2,500 துண்டாக நறுக்கி வரிசையாக அடுக்கிவைத்த மாதிரி ஆகிவிடும். வருபவர்களில் பாதிப் பேர் இந்த இரண்டையும் ஒன்றாகவே நினைத்து வருகிறார்கள், அதனால் பிரித்தே சொல்கிறேன்.

எடையை முதலில் முடித்துவிடலாம், அதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. உங்கள் கோப்பு டிஸ்க்கில் 40 எம்பியாக இருக்கலாம், ஜேபெக்காக மாற்றினால் 8 எம்பியாகக்கூடச் சுருங்கலாம். ஆனால் திரையில் காட்ட வேண்டுமென்றால் பிரவுசர் அதை விரித்தாக வேண்டும். விரித்தால் ஒரு பிக்சலுக்கு 4 பைட். 14,000-ஐ 9,000-ஆல் பெருக்கினால் 12.6 கோடி பிக்சல், 50.4 கோடி பைட், அதாவது ஏறத்தாழ 500 எம்பி நினைவகம். கோப்பை எவ்வளவு அழுத்தினாலும் இந்த எண் குறையாது. போன் அந்த டேபைக் கொன்றுவிடுவதில் ஆச்சரியமே இல்லை. டைல் என்பது 256-க்கு 256 பிக்சல் சதுரம். விரித்தால் ஒன்று 256 கேபி. போன் திரையில் ஒரு நேரத்தில் தெரிவது பதினைந்து இருபது டைல், அக்கம்பக்கத்தில் முன்கூட்டியே எடுத்து வைப்பதையும் சேர்த்தால் 20 எம்பி சுற்றுவட்டாரம். கதை அவ்வளவுதான்.

டைல் முறையில் மந்திரம் எதுவும் இல்லை. ஜூம் 0-ல் உலகம் முழுக்க ஒரே ஒரு டைல். ஜூம் ஒன்று ஏறும்போதெல்லாம் ஒவ்வொரு டைலும் நான்காக உடைகிறது. ஜூம் 3-ல் எட்டுக்கு எட்டு, 64 டைல். ஒவ்வொன்றுக்கும் ஜூம் எண், நெடுவரிசை எண், கிடைவரிசை எண் என்று மூன்று எண்கள். அவையே ஃபோல்டர் பெயராகவும் கோப்பின் பெயராகவும் ஆகின்றன. கூகுள் மேப்ஸ் 2005-ல் வந்தபோது பரவலான இந்த ஏற்பாட்டைத்தான் இன்றும் மேப் காட்டும் நிரல் நூலகங்கள் பெரும்பாலும் புரிந்துகொள்கின்றன. சர்வரில் எந்த நிரலும் ஓட வேண்டாம். கோப்புகளைச் சும்மா பரிமாறத் தெரிந்த சர்வர் போதும். வெட்டுவதற்கு நீங்களே நிரல் எழுத வேண்டுமா என்றும் ஓரிடத்தில் கேட்டிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம், நன்றாக அடிபட்டுத் தேறிய கருவிகள் இருக்கின்றன.

அதற்கு முன்னால் ஒரு சின்னக் கேள்வி: டைல் உங்களுக்குத் தேவைதானா? உங்கள் வளாகம் அகலவாக்கில் சுமார் மூன்றரை கிலோமீட்டர் என்று சொல்கிறீர்கள். படத்தை 4,000 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கினால் ஒரு பிக்சல் கிட்டத்தட்ட 90 சென்டிமீட்டர் நிலத்தைக் காட்டும். விரித்தால் 41 எம்பி. எந்தப் போனும் தாங்கும். பார்ப்பவர்களுக்குச் சாலையும் கட்டடமும் தெரிந்தால் போதுமென்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். கையெழுத்தில் எழுதிய சின்னச் சின்னப் பெயர்களைப் படிக்க வேண்டும், மரங்களின் எண்கள் தெரிய வேண்டும் என்றால் டைலுக்குப் போங்கள்.

சரி, இப்போது இடம். நடு தள்ளிப்போவதற்குப் பெரும்பாலானவர்கள் முதலில் கைகாட்டுவது மெர்கேட்டரை. வெப் மேப் எல்லாம் வெப் மெர்கேட்டர் என்ற தளத்தில் வரையப்படுகிறது. அதில் பூமத்திய ரேகையிலிருந்து விலக விலகத் தெற்கு-வடக்காக இழுவை கூடிக்கொண்டே போகும். உங்கள் படம் டிகிரிகள் சம இடைவெளியில் இருக்கும்படி வரைந்ததாக இருந்தால், மூலைகளை மட்டும் பொருத்தி இழுக்கும்போது ஓரம் சரியாக இருந்து நடு பிசகும். காரணம் உண்மையானதுதான். ஆனால் அளவைப் பாருங்கள். பூமத்திய ரேகையிலிருந்து 60 டிகிரி வரை விரியும் ஒரு படத்தில் 30 டிகிரியில் விழ வேண்டிய நடுக்கோடு 35.3 டிகிரியில் போய் விழும். 580 கிலோமீட்டருக்கு மேல் பிசகு, நாடே இடம் மாறிவிடும். 45 டிகிரி பக்கம் 100 கிலோமீட்டர் உயரப் படத்தில் அதே பிசகு சுமார் 200 மீட்டர். உங்கள் வளாகத்தின் தெற்கு-வடக்கு நீளம் இரண்டேகால் கிலோமீட்டர். அட்சரேகை 30 டிகிரி என்று வைத்துக்கொண்டால் பிசகு 6 சென்டிமீட்டர். உங்கள் படத்தின் ஒரு பிக்சலே 25 சென்டிமீட்டர். ஆகவே மெர்கேட்டரை விட்டுவிடலாம், அவர் நிரபராதி.

மிச்சம் இருப்பது வரைபடமே. கையால் வரைந்தவர் முக்கியமான கட்டடங்களைக் கொஞ்சம் பெரிதாக வரைந்திருப்பார், காலி இடத்தைச் சுருக்கியிருப்பார். தாள் மடிந்து நீண்டிருக்கும். ஸ்கேன் என்று நீங்கள் சொல்வது உண்மையில் போன் கேமராவில் எடுத்ததாக இருந்தால் லென்ஸின் வளைவும் சேரும். தாளின் மேல்பக்கம் சரியான வடக்கைப் பார்க்காமல் இரண்டு மூன்று டிகிரி திரும்பியிருக்கவும் வாய்ப்பு உண்டு. லீஃப்லெட்டின் சாதாரணப் படப் போர்வை வடக்கு-தெற்குக்கு நேராக நிற்கும் செவ்வகத்தை மட்டுமே அறியும், சாய்க்கத் தெரியாது. இதில் எது எவ்வளவு என்று படத்தைப் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது. ஓரங்கள் சரியாக உட்காருகின்றன என்பதை வைத்துப் பார்த்தால் சாய்வைவிட வரைந்த கையின் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

எதுவாக இருந்தாலும் வைத்தியம் ஒன்றுதான்: ஜியோரெஃபரன்ஸிங், அதாவது படத்தின் புள்ளிகளை நிலத்தின் புள்ளிகளோடு பொருத்துவது. க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் இலவசம், அதிலேயே ஜியோரெஃபரன்ஸர் இருக்கிறது. ஸ்கேனில் ஒரு புள்ளியைத் தொட்டு, அது நிலத்தில் எங்கே இருக்கிறது என்று மேப்பில் காட்ட வேண்டும். கட்டட மூலை, சாலைச் சந்திப்பு, பாலத்தின் முனை மாதிரி அசையாத, கூரான இடங்களாகப் பாருங்கள். மரத்தையும் குளக்கரையையும் நம்பாதீர்கள். வானத்திலிருந்து எடுத்த படத்தில் உயரமான கட்டடம் சாய்ந்து தெரியும், அதனால் கூரையின் மூலையைத் தொடாமல் தரையைத் தொடும் மூலையைத் தொடுங்கள். மூன்று நான்கு மாடி என்றாலே அந்த வித்தியாசம் சில மீட்டர் வந்துவிடும். புள்ளிகளை ஓரத்திலேயே குவிக்காமல் நடுவிலும் பரப்ப வேண்டும். உங்கள் படத்துக்கு 20 புள்ளி வைத்தால் தாராளம்.

அடுத்து ஜியோரெஃபரன்ஸர் எந்த வகை உருமாற்றம் வேண்டும் என்று கேட்கும். பலரும் சறுக்குவது இங்கேதான். முதல் படி பாலினாமியல் (படி என்பது இந்தக் கணிதச் சமன்பாட்டின் அடுக்கு) படத்தை நகர்த்தும், திருப்பும், இழுக்கும், சாய்க்கும். நேர்கோடு நேர்கோடாகவே இருக்கும். குறைந்தது 3 புள்ளி வேண்டும். இரண்டாம் படிக்கு 6, மூன்றாம் படிக்கு 10. இவை வளைக்கவும் செய்யும். மூன்றாம் படியை நான் அநேகமாகத் தொடுவதே இல்லை. புள்ளி இல்லாத ஓரங்களில் அது படத்தை அப்பளம் மாதிரி சுருட்டிவிடும். கடைசியாக இருப்பது தின் பிளேட் ஸ்ப்லைன். நீங்கள் வைத்த ஒவ்வொரு புள்ளியையும் அது அட்சரம் பிசகாமல் தொட்டுச் செல்லும். அதனால் பிழை அட்டவணையில் எல்லாமே பூஜ்யம் என்று வரும், பார்க்க ஆனந்தமாக இருக்கும். அந்தப் பூஜ்யத்துக்கு ஒரு அர்த்தமும் இல்லை. ஒரு புள்ளியை நீங்களே தப்பாகத் தொட்டிருந்தாலும் அதையும் விசுவாசமாகப் பின்பற்றி, பக்கத்தில் இருக்கும் சாலையை நெளித்துவிட்டுப் பூஜ்யம் என்றே சொல்லும்.

நான் செய்வது இது. முதலில் முதல் படியைப் போட்டுப் பார்ப்பேன். அதில் ஒரு புள்ளி மட்டும் தனியாக 40 மீட்டர் பிழை காட்டினால், தொட்டதில் தப்பு, திருத்துவேன். தப்புகளைக் களைந்த பிறகும் பிழை ஊரெல்லாம் பரவி நின்றால் வரைபடமே வளைந்திருக்கிறது என்று பொருள். அப்போதுதான் ஸ்ப்லைனுக்குப் போவேன். போகும்போது நான்கு புள்ளிகளைக் கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கி வைத்துவிட்டு, முடிந்த பிறகு அந்த நான்கும் எங்கே விழுந்திருக்கின்றன என்று அளந்து பார்ப்பேன். அந்த நான்கும் சொல்வதுதான் உண்மையான பிழை. கையால் வரைந்த படத்தில் அது 3 மீட்டருக்குள் வந்தால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு மேலே போவேன். ஒரு எச்சரிக்கையும் உண்டு: நீங்கள் ஒப்பிடும் செயற்கைக்கோள் படமே சில மீட்டர் தள்ளி இருக்கலாம். அதோடு ஒத்துப்போவதும் நிலத்தோடு ஒத்துப்போவதும் ஒன்றல்ல. பார்ப்பவர்கள் அந்தப் பின்னணியின் மேல்தான் பார்க்கப் போகிறார்கள் என்றால் அதோடு பொருத்துவதே நடைமுறைக்கு நல்லது. குழாய் தோண்டவோ எல்லை அளக்கவோ பயன்படுத்தப் போகிறார்கள் என்றால் இந்த வழி முழுக்கவே போதாது, அதற்கு நில அளவையாளர்தான் வர வேண்டும்.

வெளியீட்டுத் தளமாக நேரடியாக இபிஎஸ்ஜி 3857-ஐயே (வெப் மெர்கேட்டரின் குறியீட்டு எண்) தேர்ந்தெடுங்கள். வேறொன்றில் சேமித்துவிட்டுப் பிறகு மாற்றினால் படம் இரண்டு முறை மறுகணக்கீடு ஆகும். ஒவ்வொரு முறையும் மெல்லிய கோடும் சின்ன எழுத்தும் கொஞ்சம் மங்கும். ஒரு சிறு விஷயம்: 3857-ல் மீட்டர் என்று காட்டும் எண் நிலத்து மீட்டர் இல்லை. 30 டிகிரியில் அது 15 சதவீதம் ஊதியிருக்கும், 60 டிகிரியில் இரட்டிப்பாக இருக்கும். பிழை அட்டவணையைப் படிக்கும்போது நினைவில் இருக்கட்டும்.

இப்போதுதான் வெட்டும் வேலை. ஜிடால் என்ற இலவச வரைபடக் கருவித் தொகுப்பில் ஜிடால்-டு-டைல்ஸ் என்ற நிரல் இருக்கிறது, ஒரே வரிக் கட்டளை. க்யூஜிஐஎஸ்ஸுக்குள்ளேயே எக்ஸ்ஒய்இசட் டைல் (மேலே சொன்ன மூன்று எண் டைல்) உருவாக்கும் கருவியும் உண்டு. அதைப் பயன்படுத்தினால் பின்னணி லேயரை அணைத்துவிட்டு ஓட்டுங்கள். அது திரையில் தெரியும் எல்லாவற்றையும் சேர்த்தே வெட்டும். மறந்தால் அடுத்தவருடைய மேப் உங்கள் டைலுக்குள் சுட்டுவைத்த மாதிரி ஒட்டிக்கொள்ளும், உரிமைச் சிக்கலும் கூடவே வரும்.

எந்த ஜூம் வரை வெட்டுவது? இதற்கு ஊகம் வேண்டாம், கணக்கு இருக்கிறது. ஜூம் 0-ல் பூமத்திய ரேகையில் ஒரு பிக்சல் 156,543 மீட்டர். ஒவ்வொரு ஜூமுக்கும் அதை இரண்டால் வகுத்து, கடைசியில் அட்சரேகையின் கொசைனால் பெருக்க வேண்டும். ஜூம் 19-ல், 30 டிகிரியில், 26 சென்டிமீட்டர் வருகிறது. உங்கள் ஸ்கேன் 25 சென்டிமீட்டர். கச்சிதம், 19-லேயே நிறுத்துங்கள். அந்த மட்டத்தில் சுமார் 1,900 டைல். கீழே உள்ள ஜூம்கள் எல்லாம் சேர்ந்தால் அதில் மூன்றில் ஒரு பங்குதான் கூடும், மொத்தம் 2,500 சொச்சம். இன்னும் நெருக்கமாகத் தெரியட்டும் என்று 20, 21 வரை வெட்டினால் 21-ல் மட்டும் 30,000 கோப்பு, அதில் ஒரு புள்ளிகூடப் புதிய விவரம் இருக்காது. லீஃப்லெட்டில் மேக்ஸ் நேட்டிவ் ஜூம் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. அதில் 19 கொடுத்து, மேக்ஸ் ஜூமில் 21 கொடுத்தால் பிரவுசரே பெரிதாக்கிக் காட்டிக்கொள்ளும்.

ஓரத்து வெள்ளையைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். படம் திருப்பப்படும்போது நான்கு பக்கமும் முக்கோணமாகக் காலி இடம் வரும். அது ஒளி ஊடுருவ வேண்டும். வெள்ளையை எல்லாம் காலியாக்கு என்று சொல்லிவிடலாமே என்று தோன்றும். மூல ஸ்கேன் ஜேபெக்காக இருந்தால் செய்யாதீர்கள். ஜேபெக்கின் வெள்ளை எல்லாம் 255 கிடையாது. 253, 254, 251 என்று கலந்து கிடக்கும். 255-ஐ மட்டும் நீக்கினால் ஓரம் எலி கடித்த துணி மாதிரி ஆகும், படத்துக்குள்ளே இருக்கும் வெள்ளைத் தாளிலும் ஊசி ஊசியாகத் துளைகள் விழுந்து அடியில் இருக்கும் மேப் எட்டிப்பார்க்கும். நிறத்தை நம்பாமல், உருமாற்றும் கட்டத்திலேயே ஒளி ஊடுருவலைக் குறிக்கும் ஆல்ஃபா சேனல் ஒன்றைச் சேர்க்கச் சொல்லுங்கள். டைல்கள் பிஎன்ஜியாகவோ வெப்பியாகவோ இருக்கட்டும், ஜேபெக் டைலில் ஊடுருவல் கிடையாது. நிறத்தைச் சரிசெய்வது, கூர்மையாக்குவது எல்லாவற்றையும் வெட்டுவதற்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள். வெட்டிய பிறகு ஒவ்வொரு டைலையும் தனியாகக் கூர்மையாக்கினால் டைலுக்கு டைல் கோடு தெரியும்.

எல்லாம் முடித்து மேப்பில் சேர்த்ததும் பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது. பயப்படாதீர்கள், இது கிட்டத்தட்டச் சடங்கு மாதிரி. கிடைவரிசையை எண்ணுவதில் இரண்டு வழக்கம் உண்டு. எக்ஸ்ஒய்இசட் முறை வடக்கிலிருந்து கீழே எண்ணும், டிஎம்எஸ் முறை தெற்கிலிருந்து மேலே எண்ணும். ஜிடால்-டு-டைல்ஸ் தானாக டிஎம்எஸ்ஸில்தான் வெட்டும், ஜிடால் 3.1 முதல் எக்ஸ்ஒய்இசட் என்று கேட்கும் ஆப்ஷன் இருக்கிறது. பிரவுசரின் நெட்வொர்க் பகுதியைத் திறந்து, அது கேட்கும் எண்ணைப் பாருங்கள். ஜூம் 15-ல் 15001 என்ற கோப்பைக் கேட்டு 404 (கோப்பு இல்லை என்ற பிழை) வாங்குகிறது, உங்கள் ஃபோல்டரிலோ 17766 இருக்கிறது என்று வையுங்கள். இரண்டையும் கூட்டுங்கள்: 32767. ஜூம் 15-ல் 32,768 வரிசை, அதில் ஒன்று குறைவு. கூட்டுத்தொகை இப்படி வந்தால் தலைகீழ்ச் சிக்கல்தான், வேறெதுவும் இல்லை. திரும்ப வெட்ட வேண்டாம். லீஃப்லெட்டில் டிஎம்எஸ் ஆப்ஷனை ட்ரூ ஆக்கினால் போதும், மேப்லிப்ரேயில் (லீஃப்லெட் மாதிரி இன்னொரு நூலகம்) ஸ்கீம் என்பதை டிஎம்எஸ் ஆக்குங்கள். கூகுள் மேப்ஸில் இமேஜ் மேப் டைப்புக்கு முகவரி தயாரிக்கும் ஃபங்ஷனை நீங்களே எழுதுவதால் அந்தக் கழித்தலை (ஜூம் 15-ல் 32767-லிருந்து வரிசை எண்ணைக் கழிப்பது) அங்கேயே போட்டுவிடலாம். மேப்லிப்ரேயில் இன்னொரு கண்ணி: ராஸ்டர் டைலின், அதாவது படமாக இருக்கும் டைலின், அளவை அது 512 என்று எடுத்துக்கொள்ளும். 256 என்று நீங்கள் சொல்லாவிட்டால் ஒரு ஜூம் குறைவான டைலை எடுத்துவந்து இழுத்துக் காட்டும், "ஏன் மங்கலாக இருக்கிறது" என்று ஸ்கேனைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

படத்தின் எல்லையையும் லேயரில் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் யாராவது மேப்பை இழுத்துக்கொண்டு போகும் இடத்திலெல்லாம் இல்லாத டைலைக் கேட்டு சர்வர் 404 ஆகக் கொட்டும்.

கடைசியாக, நான் ஒருமுறை வாங்கிக்கட்டிக்கொண்டது. திருத்திய டைல்களைப் பழைய ஃபோல்டரின் மேலேயே ஏற்றிவிட்டேன். என் கணினியில் எல்லாம் புதிதாகத் தெரிந்தது. வேலையைக் கொடுத்தவர் திரையிலோ பாதி டைல் பிரவுசர் சேமித்து வைக்கும் கேஷிலிருந்த பழையது, பாதி புதியது. ஒரு சாலை நடுவில் வெட்டுப்பட்டு நான்கு மீட்டர் தள்ளித் தொடர்ந்தது. என் ஜியோரெஃபரன்ஸிங்தான் தப்பு என்று நினைத்து ஒரு நாள் முழுக்கப் புள்ளிகளை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தனி ஃபோல்டர், பெயரிலேயே பதிப்பு எண். ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளை ஏற்றுவது எரிச்சலாக இருந்தால் பிஎம்டைல்ஸ் என்ற ஒற்றைக் கோப்பு வடிவத்தைப் பாருங்கள். கோப்பின் வேண்டிய துண்டை மட்டும் பிரவுசர் கேட்டு வாங்கிக்கொள்ளும், பதிப்பு மாற்றுவதும் ஒரு கோப்பின் பெயரை மாற்றுவதோடு முடியும். சர்வர் அப்படித் துண்டாகக் கொடுக்கும் ரேஞ்ச் வேண்டுகோளை ஏற்க வேண்டும், அதுதான் முக்கிய நிபந்தனை.

உங்கள் விஷயத்தில் இப்போது டைலைப் பற்றி நினைக்க வேண்டாம். 20 புள்ளி வையுங்கள், முதல் படி பாலினாமியலைப் போடுங்கள், வரும் பிழை அட்டவணையை இங்கே ஒட்டுங்கள். பிழைகள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பார்த்தால், தாள் திரும்பியிருக்கிறதா, வரைந்தவர் இழுத்திருக்கிறாரா என்று சேர்ந்தே கண்டுபிடித்துவிடலாம்.